முழிப்புப் பொடி

என் கணவர் கல்கத்தா லோடு போய்த் திரும்பும் நாளில் வீட்டுக்குள் நுழையும்போதே பேசிக்கொண்டு வருவார். செருப்பைக் கழற்றும்போது தொடங்கிய பேச்சு, குளித்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்ட பிறகும் ஓயாது. கோதாவரிப் பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றுபோனது, ஆற்றோரம் மீன்காரர்கள் சமைத்த வாசனை காற்றில் வந்தது, ஒரிசாவில் ஒரு சிறுமி மூட்டையிலிருந்து சிந்திய ஜவ்வரிசியைப் பாசிமணி என்று நினைத்து நூலில் கோக்கப் பார்த்தது. இப்படி ஒன்றை முடிக்குமுன் இன்னொன்று வரும். அவருடைய சொந்தக்காரர்கள் எல்லாரும் அவரை வாயே திறக்காத மனிதர் என்பார்கள். என்னிடம் மட்டும் இவ்வளவு பேசுகிறார் என்பதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி ராசிபுரத்துக்கு வந்தேன். பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. அவருக்கும் அவருடைய சித்தப்பா மகனுக்கும் சேர்ந்து ஒரு லாரி. சேலத்து ஆலைகளில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு வடக்கே போவார்கள், அங்கே கிடைக்கும் சரக்கை ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். ஸ்டீயரிங்கை மாற்றி மாற்றிப் பிடிப்பதாகப் பேர். பெரும்பாலும் இவர்தான் பிடித்தார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவர் ஊரில் இல்லாத நாட்களில் நான் பள்ளிக்குப் போவேன், வருவேன், ஒரு ஆளுக்குச் சமைப்பேன், பேப்பர் திருத்துவேன், நாட்குறிப்பு எழுதுவேன். மழை பெய்ததா, தண்ணீர் வந்ததா, வகுப்பில் எந்தப் பாடம் நடந்தது, இவ்வளவுதான் அதில் இருக்கும். இங்கே எழுதுவது எதுவும் அதில் இல்லை. நினைவிலிருந்து, நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பேசி முடித்தவர் தூங்க வேண்டும். அதுதான் நடக்காமல் போனது. எந்த வருஷம் தொடங்கியது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எழுபதுகள் முடியும் சமயம் என்பது மட்டும் தெரியும். மத்தியானம் பாயில் படுப்பார். கண் திறந்தே இருக்கும். தாடை மட்டும் எதையோ மெல்லுவதுபோல அசைந்துகொண்டிருக்கும். உதடு காய்ந்து வெடித்திருக்கும், கை லேசாக நடுங்கும். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து எதையாவது பிரித்துப் போடுவார். சைக்கிள் பம்பு, டிரான்ஸிஸ்டர், கிணற்றுச் சகடை. பிரித்ததைத் துடைத்து வரிசையாக வைத்து மறுபடி பூட்டுவார். பூட்டியதும் இன்னொன்றைத் தேடுவார். நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், ஆனால் என்னைப் பார்க்கிறார் என்று தோன்றாது. அவர் ஊரில் இல்லாதபோது வீடு காலியாக இருந்தது, அது எனக்குப் பழக்கம். அவர் இருக்கும்போதும் காலியாக இருந்ததுதான் பழகவில்லை.

அவருடைய பையில் ஒரு பால்பவுடர் டப்பா இருக்கும். அதில் பழுப்பு நிறத்தில் ஒரு பொடி. பால் ஊற்றாத டீயில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கிக் குடிப்பார். முதலில் வண்டி ஏறும்போது மட்டும் குடித்தார். பிறகு வீட்டிலும் காலையில் குடிக்க ஆரம்பித்தார், குடிக்காவிட்டால் உடம்பு எழவில்லை என்று. லாரிக்காரர்கள் அதை முழிப்புப் பொடி என்பார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் இடித்துத் தருகிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரிந்த ஒரே விவரம்.

இந்த இடத்தில் எங்கள் குலதெய்வக் கோயிலில் நடக்கும் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே, எங்கள் பங்காளிக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் தூக்கம் வராமலிருக்க இங்கிலீஷ் மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டி, வண்டியோடு பள்ளத்தில் விழுந்து இறந்துபோனார். அதிலிருந்து வருஷா வருஷம் கோயில் திருவிழாவான நோம்பி அன்று, லாரி ஓட்டும் ஆண்கள் எல்லாரும் சாமி முன்னால் வெற்றிலையில் சூடம் ஏற்றி, உள்ளங்கையால் அதை அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். "சாராயம் தொடமாட்டேன், மாத்திரை போடமாட்டேன்." வார்த்தை இவ்வளவுதான். யாரும் கூட்டியும் சொல்லமாட்டார்கள், குறைத்தும் சொல்லமாட்டார்கள்.

என் கணவர் அந்தச் சத்தியத்தை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினார். ஒரு தடவை காய்ச்சலில் உடம்பு கொதித்தபோது டாக்டர் கொடுத்த மாத்திரையைக்கூடப் போட மறுத்துவிட்டார். "இது காய்ச்சல் மாத்திரைங்க, சாமிக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டேன். "சாமிக்குத் தெரியும் அம்மிணி, என்ற வாய்க்குத் தெரியாதே. மாத்திரைன்னுதானே சொல்லியிருக்கறேன்" என்றார். ஊசி போடச் சொன்னார், போட்டுக்கொண்டார். அதே மனிதர் மறுநாள் காலையில் டப்பாவைத் திறந்து பொடியைக் கலக்கினார். அதில் அவருக்கு எந்த முரணும் தெரியவில்லை. கோயிலில் அவரோடு சூடம் அணைத்த மற்றவர்கள் பையிலும் அதே பொடி இருந்தது. மாத்திரை என்பது சீமைச் சரக்கு. பொடி என்பது சுக்கு, திப்பிலி, வேர். ரசத்துக்கும் கஷாயத்துக்கும் போடுகிற சாமான் எப்படிச் சத்தியத்துக்குள் வரும்?

எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு கோடை விடுமுறைக்குச் சற்று முன்பு, சித்தப்பா மகன் தனியாக வீட்டுக்கு வந்தார். இவர் டயர் பார்க்க நாமக்கல் போயிருந்தார். அவர்கள் வீடுகளில் அண்ணியை நங்கை என்பார்கள். அவர் வாசலிலேயே நின்றுகொண்டு, "நங்கையா, ஒண்ணு சொன்னா அண்ணங்கிட்டச் சொல்ல மாட்டீங்களே?" என்றார்.

"உள்ள வந்து சொல்லுங்க. வாசல்ல நின்னு சொன்னா ஊருக்கே கேக்கும்."

வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். "நெல்லூர் தாண்டி வந்துட்டு இருந்தமுங்க. பட்டப்பகல். ரோடு துடைச்சு உட்டாப்பல இருந்துச்சு. திடீர்னு அண்ணன் பிரேக்கை ஏறி மிதிச்சுப்போட்டாரு. என்ற நெத்தி கண்ணாடியில போய் மோதுச்சு. என்னங்கண்ணான்னு கேட்டா, மாடு குறுக்கே போகுதுடா, கண்ணு தெரியலியாங்கறாரு."

"மாடு இருந்துச்சுங்களா?"

"மாடும் இல்லீங்க, மாட்டு மூத்திரமும் இல்லீங்க. பின்னால வந்த பஞ்சாபிக்காரன் எறங்கி வந்து எங்கம்மாவை இந்தியில திட்டிட்டுப் போனான். நல்லவேளை, எனக்கு இந்தி தெரியாது." சிரித்தார். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. "இது மொத தடவை இல்லீங்க. போன லோடுல ஒரு பொம்பளை ரோட்டோரம் நிக்கறான்னு வண்டியை ஒடிச்சாரு. அக்கட்டால வாய்க்காலு. நானும் அதே பொடிதாங்க போடறேன், இல்லேங்கல. நான் ஒரு சிட்டிகை. அவரு கரண்டி. இப்பக் கரண்டியும் பத்தறதில்ல."

அவர் போன பிறகு நான் வெகுநேரம் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இல்லாத மாட்டுக்காகப் பிரேக் போடுகிறவர், ஒரு நாள் இருக்கிற மாட்டைப் பார்க்காமல் போகலாம். அல்லது இருக்கிற வாய்க்காலை. அதைச் சொல்ல எனக்கு வீட்டில் யாரும் இல்லை. சொல்ல வேண்டிய ஆளிடம் சொன்னால் தம்பி காட்டிக்கொடுத்தான் என்று ஆகிவிடும்.

அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறிச் சேலம் போனேன். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டிகளுக்கு நடுவில் அந்தக் கடை. சாக்குகளின் வாய் சுருட்டி விடப்பட்டு வேரும் பட்டையும் விதையுமாக நிறைந்திருந்தது. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"முழிப்புப் பொடி இருக்குங்களா?"

"யாருக்குங்க?"

"லாரிக்காரருக்குங்க."

"அப்பக் காரம் தூக்கலா இருக்கோணும். உங்களைப் பாத்தா டீச்சராட்டம் இருக்குது, பரீட்சைக்குப் படிக்கற புள்ளைகளுக்கோன்னு நெனச்சேன். அதுகளுக்குன்னா கொஞ்சம் தணிச்சுப் போட்டு, வல்லாரையை எச்சா சேப்பேனுங்க. ஞாபக சக்திப் பொடின்னு பேரை மாத்திருவேன்."

"உள்ள என்னென்ன சேருதுன்னு தெரிஞ்சுக்கலாங்களா?"

"இதுல என்னங்க ரகசியம்? நான் என்ன அணுகுண்டா செய்யறேன்?" என்று ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, ஒவ்வொரு சாக்கிலிருந்தும் ஒரு கொத்து எடுத்து வைத்தார். சுக்கு, மிளகு, திப்பிலி. அமுக்கராக் கிழங்கு. காய்ந்த வல்லாரை இலை. தேயிலைத் தூள். கடைசியாக உள்ளே போய் ஒரு பிடி குச்சி கொண்டுவந்தார். இலையே இல்லாத, கணுக்கணுவான, துடைப்பத்திலிருந்து உருவியது போன்ற பச்சைப்பழுப்புக் குச்சி.

"இதாங்க ஆளு. மத்ததெல்லாம் கூட வர்ற சொந்தக்காரங்க. இமயமலைப் பக்கத்துச் சரக்கு. இழுப்பு நோவுக்கு வைத்தியருங்க கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. இப்ப லாரிக்காரங்க கேக்கறதால மூட்டைக் கணக்குல வருது."

ஒரு குச்சியை ஒடித்து நாக்கில் வைத்தேன். துவர்ப்பும் கசப்பும். நாக்கு நுனி லேசாக மரத்தது.

"கெடுதல் ஒண்ணும் வராதுங்களா?"

"செடிங்க அது. செடி என்னங்க கெடுதல் பண்ணும்?"

"எட்டியும் மரந்தானுங்களே."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "டீச்சருங்ககிட்ட வாயைக் குடுக்கப்படாது." பிறகு தராசுத் தட்டைத் துடைத்தபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஒரு சிட்டிகைன்னு சொல்லித்தானுங்க குடுக்கறேன். அவிங்க கரண்டியில அள்ளிப் போட்டா நான் என்னுங்க பண்றது?"

நான் பொடி வாங்கவில்லை. குச்சிகள் மட்டும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நான் விலங்கியல் படித்தது சேலத்துக் கல்லூரி ஒன்றில். அந்த நூலகத்தில் உட்கார்ந்து படிக்க, எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியை அனுமதி வாங்கித் தந்தார். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் போய்ப் படித்தேன். குச்சியின் பெயர் எபிட்ரா. அதிலிருக்கும் சத்துக்கு எபிட்ரின் என்று பெயர். இழுப்புக்கு, அதாவது ஆஸ்துமாவுக்கு, டாக்டர்கள் கொடுக்கும் மாத்திரை ஒன்றிலும் இருப்பது இதே எபிட்ரின்தான். சூடம் அணைத்து விலக்கிய பொருளின் உறவு, குச்சியாக வந்து அவர் டீக்குள் இறங்கியிருந்தது.

படித்ததில் எனக்குப் புரிந்ததை என் வகுப்புப் பெண்களுக்குச் சொல்வதுபோல இங்கே சொல்கிறேன். ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல, தன் நுனியில் சில ரசாயனங்களைச் சேமித்து வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்று நார்அட்ரினலின். ஆபத்து வரும்போது உடம்பை உலுக்கி எழுப்புவது அது. எபிட்ரின் போய் அந்தச் சேமிப்பை வெளியே தள்ளுகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கும், வாய் காயும், தூக்கம் விலகும், மனசு துள்ளும், வாய் ஓயாது. ஆனால் அது குதிரில் புதிதாகத் தானியம் கொட்டுவதில்லை. இருப்பதை வாரி இறைக்கிறது, அவ்வளவுதான். இறைத்த பிறகு குதிர் நிறைய நாளாகும். அதற்குள் மறுபடி கையை விட்டால் கிடைப்பது குறைவு. சிட்டிகை கரண்டியானது அதனால்தான்.

தேயிலை செய்வது வேறு வேலை. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. போதும், படு என்று அது சொல்ல வேண்டும். அதற்கு அது உட்கார ஓர் இடம் வேண்டும். பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, தேயிலையில் இருக்கும் கஃபீன் அந்த இடத்தில் முந்திக்கொள்கிறது. அடினோசின் இறங்கிப் போய்விடுவதில்லை. கூட்டமாகச் சேர்ந்துகொண்டு நிற்கிறது. துண்டை எடுத்த நிமிஷம் அத்தனையும் ஒரேயடியாக வந்து உட்காரும். அந்த நிமிஷம் நெல்லூர் ரோட்டில் வந்தால் ஒரு மனிதர் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பார். கனவில் மாடு வரும்.

திப்பிலியும் மிளகும் கூட இருக்கும் மருந்தை உடம்புக்குள் சீக்கிரம் ஏற்றும் என்பது நாட்டு வைத்தியர்களுக்குப் பழைய விஷயம். பாவம், அமுக்கரா மட்டும் நரம்பை அமர்த்தப் பார்க்கும் கிழங்கு. ஒரே கரண்டியில் நாலு பேர் தட்டி எழுப்ப, ஒருவர் மட்டும் படுக்கப் பாய் விரிக்கிறார்.

இதையெல்லாம் தெளிவாகப் புரிந்துகொண்ட நாளில் பஸ்ஸில் திரும்பும்போது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. துள்ளும் மனசு, ஓயாத வாய் என்று படித்தேன் அல்லவா, அந்த இடத்திலேயே என் நினைப்பு நின்றுவிட்டது. அதை அப்போதைக்கு ஒதுக்கி வைத்தேன். முதலில் அவர் உயிரோடு இருக்க வேண்டும்.

அவர் அடுத்த லோடுக்குப் போகுமுன் ஒரு மத்தியானம் பேசினேன். தரையில் மேஜை மின்விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நானும் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, இந்தப் பொடியை விட்டர்றீங்களா?"

"ஏன், உனக்கு வேணுமா? ஒரு சிட்டிகை போட்டுட்டு உக்காந்தா பரீட்சைப் பேப்பரெல்லாம் பறக்கும்."

"வெளையாட்டு இல்லீங்க. ரோட்ல இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியுதுங்களா?"

திருகாணியைத் தேடுவதுபோலக் குனிந்தார். "தம்பி சொன்னானா?"

"உங்க கண்ணைப் பாத்தா எனக்குத் தெரியாதுங்களா?"

"இது மாத்திரையா அம்மிணி? வேரும் சுக்கும். நான் சூடம் அணைச்சவன். ஒரு நாள் பொய்யாப் போயிருக்கறனா?"

குதிரும் துண்டும் என்று ஒழுங்காகக் கோத்து வைத்திருந்த பாடம் முழுக்க என் வாயில் இருந்தது. அதைச் சொல்லாமல், நான் யோசித்து வைக்காத ஒன்றைச் சொன்னேன். "அப்பச் சரிங்க. இந்த நோம்பிக்குச் சூடம் அணைக்கறப்ப இதையும் சேத்துச் சொல்லிருங்க. மாத்திரையும் போடமாட்டேன், பொடியும் போடமாட்டேன்னு."

அவர் விசிறியின் இறக்கையை எடுத்தார், வைத்தார்.

"அதை மட்டும் கேக்காத."

"ஏனுங்க?"

"சத்தியம் பண்ணினாக் காப்பாத்தோணும். என்னால முடியாது."

இத்தனை காலம் அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரிந்திருக்கிறது. சாமி முன்னால் பொய் சொல்லக் கூடாது என்பதற்காகவே அந்த வார்த்தைக்குள் பொடியைக் கொண்டுவராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சத்தியம் வேண்டாமுங்க. பொடியையும் விட வேண்டாம். அடுத்த லோடுக்கு மட்டும் வண்டி ஏறாதீங்க."

"வண்டி ஏறாட்டிப் பொடி எதுக்கு?"

"அதேதானுங்க."

அவர் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். சத்தம் வரவில்லை.

லோடு கிளம்பும் நாள் காலையில் வாசலில் ஹாரன் அடித்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், எழவில்லை. "கால் சுளுக்குன்னு சொல்லு" என்றார். நான் வெளியே போய், "காலு சுளுக்கிக்கிச்சுங்களாம்" என்றேன். தம்பி என் முகத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் கட்டிலில் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு கால்களையும் பார்த்தார். "சுளுக்குன்னா பொறுமையாத்தான் எறங்கும், நங்கையா. அவசரமில்லீங்க. நான் வேற டிரைவரைக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். வண்டி போன பிறகும் இவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

பள்ளி விடுமுறை. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். நிறுத்தினால் உயிருக்குப் பயமில்லை, ஆனால் மனசு கீழே போய்விடும், தனியாக விடாதீர்கள் என்றார். பொடியை நான் எடுத்து ஒளிக்கவில்லை. டப்பா அலமாரியில் அவர் கைக்கு எட்டும் இடத்திலேயே இருந்தது. இரண்டு மூன்று தடவை அதன்முன் போய் நின்றார். ஒரு தடவை மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடினார். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

முதலில் தலைவலி, எரிச்சல். பிறகு தூக்கம். அப்படி ஒரு தூக்கத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சாப்பிட எழுப்பினால் தட்டின்முன் உட்கார்ந்தபடியே கண் மூடும். நின்றுகொண்டிருந்த அடினோசின் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். தாடை அசையவில்லை. கை நடுக்கம் மெல்ல அடங்கியது. உதட்டு வெடிப்பு ஆறியது. எல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே நடந்தது.

தூங்கி எழுந்தவர் யார் என்பது புத்தகத்தில் இல்லை.

எதிலும் ஆசையில்லாமல் உட்கார்ந்திருப்பார். குதிர் நிறைய நாளாகும் என்று பொறுத்திருந்தேன். பள்ளி திறந்தது, மழை வந்தது, கம்பு கதிர் வாங்கியது. அவர் தேறினார். கண்ணில் தெளிவு வந்தது, கடைத்தெருவுக்குப் போனார், முகம் பார்த்துப் பதில் சொன்னார். ஆனால் பேச்சு வரவில்லை. கேட்டால் பதில், கேட்காவிட்டால் ஒன்றுமில்லை. ஒரு நாள் நானாகவே தொடங்கி வைத்துப் பார்த்தேன். "ஒரிசாவுல ஒரு புள்ளை ஜவ்வரிசியைக் கோத்துச்சுன்னு சொன்னீங்களே, அப்புறம் என்னங்க ஆச்சு?"

அவர் யோசித்தார். உண்மையாகவே முயன்று யோசித்தார். "அப்படியா சொன்னேன்?" என்றார்.

அவருடைய சொந்தக்காரர்கள் சொன்னது சரி. அவர் பேசாத மனிதர். நான் காத்திருந்த பேச்சு, எதிரே உட்கார்ந்து கேட்ட பேச்சு, செவ்வாய்ப்பேட்டைப் பொடியின் பேச்சு. அதில் அவரும் இருந்திருப்பார், எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இடித்துக் கலந்த பிறகு சுக்கு எது, குச்சி எது என்று யார் சொல்ல முடியும்? அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று நான் கேட்டேன், இருந்தார். மறுபடி கேட்டாலும் அதையேதான் கேட்டிருப்பேன். ஆனாலும் சில சாயங்காலங்களில், பள்ளியிலிருந்து வரும் வழியில், வீட்டுக்குள் யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள் என்று ஒரு கணம் தோன்றும். அடி வேகமாகும். பிறகு நினைவு வந்து மெதுவாக நடப்பேன்.

சுளுக்கு என்ற சொல்லை நாங்கள் நீண்ட நாள் வைத்துக்கொண்டிருந்தோம். லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றில் உட்கார்ந்து லோடு பார்த்துவிடும் வேலையை எடுத்துக்கொண்டார். வண்டி ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் கால் என்றார். நோம்பிக்குப் போனால், இப்போது ஓட்டுவதில்லை என்று சொல்லி, சூடம் அணைக்கிற வரிசையிலிருந்து விலகி நின்றார். ஓட்டுகிறவர்களுக்கு நடுவில் தூக்கம் என்ற சொல்லே கிடையாது. மழை என்பார்கள், பஞ்சர் என்பார்கள், தூக்கம் வந்தது என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்படிச் சில வருஷங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி வந்தார். லாரி வாசலில் லோடோடு நின்றது. கூட வரவேண்டிய டிரைவருக்கு வீட்டில் சாவு, சரக்கு நாளுக்குப் போய்ச் சேர வேண்டும், வேறு ஆள் கிடைக்கவில்லை. நான் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன், பேச்சு அப்படியே கேட்டது.

"ஒரே ஒரு லோடுங்கண்ணா. பாதி நான் புடிச்சுக்கறேன். பெஜவாடா வரைக்கும் நீங்க தொட வேண்டாம்."

அடுப்பைக் குறைத்துவிட்டு நின்றேன். ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது நாள் கரண்டி கைக்கு வந்துவிடும். அது தம்பிக்கும் தெரியும், அதனால்தான் பாதி பாதி என்கிறார்.

"காலு இப்பத் தேவலைதானுங்களே?" தம்பி தானாகவே அந்தச் சாக்கை எடுத்துக் கொடுத்தார், வேண்டுமானால் பிடித்துக்கொள்ளட்டும் என்று.

"காலுக்கு என்னடா, காலு நல்லாத்தான் இருக்குது" என்றார் இவர். "எனக்குத் தூக்கம் வந்துரும்டா. நீ வேற ஆளைப் பாரு."

அதைக் கூச்சமில்லாமல், சத்தம் ஏறாமல், பசிக்கிறது என்பதுபோலச் சொன்னார். தம்பி "சரிங்கண்ணா. தூக்கம் வந்தாத் தூங்கத்தான் வேணும்" என்றார். நான் டீயைக் கொண்டுபோய் வைத்தேன். இருவரும் குடித்தார்கள். என்னை இருவரும் பார்க்கவில்லை.

லாரி திரும்பி, கியர் மாறி, சேலம் ரோட்டில் ஏறும் சத்தம் கேட்டது. அவர் உள்ளே போய்ப் பாயை உதறிப் போட்டுப் படுத்தார். நான் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அரைப் பரீட்சைப் பேப்பர் கட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்கள் சொன்னது நல்ல காரியம் என்று அவரிடம் சொல்ல நினைத்து அறைப் பக்கம் திரும்பினேன். அதற்குள் அவருடைய மூச்சு சீராகிவிட்டிருந்தது. எழுப்பவில்லை. மின்விசிறிக் காற்றில் பேப்பர் பறக்காமல் மேலே பேனாவை வைத்துவிட்டு, முதல் விடைத்தாளை எடுத்தேன்.